ஸோங் கப்பல் வழக்கில் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் கொடுத்தார்களா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 1781இல் ஸோங் என்ற ஆங்கிலேயக் கப்பலிலிருந்து இன்ஷூரன்ஸ் பணத்துக்காக 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் வீசினார்கள், கேப்டனைத் தூக்கில் போட்டார்கள், அந்தத் தீர்ப்பால்தான் பிரிட்டனில் அடிமை முறை ஒழிந்தது என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். இதில் எவ்வளவு உண்மை என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது: தானாகச் செத்தால் பணம் கிடையாது, நாமே தூக்கிப் போட்டால் பணம் உண்டு என்று உலகத்தில் ஒரு பாலிசி இருந்திருக்குமா? இருந்தது. அதுவும் யாரோ ஒரு கொடியவன் திருட்டுத்தனமாக எழுதிவைத்தது இல்லை, அன்றைக்குச் சந்தையில் சாதாரணமாகப் புழங்கிய ஏற்பாடு அது. காணொளியில் சொன்ன மற்றவற்றில் கடலில் வீசியது உண்மை, தூக்குத் தண்டனை பொய், தீர்ப்பால் அடிமை முறை ஒழிந்தது என்பதும் பொய்.

நான் சரித்திர ஆசிரியன் இல்லை. இருபத்தாறு வருடம் தூத்துக்குடியிலும் சென்னையிலும் கடல்சார் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்த்தவன். சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் சரக்கைக் கடலில் எறிவது பற்றிய பாடம் நடந்தபோது, ஆசிரியர் இந்த வழக்கை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆகவே பாலிசி, கோர்ட்டு வாதம் பற்றி உறுதியாகச் சொல்வேன். கேப்டன் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் ஊகம்தான் சொல்ல முடியும், அதை ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன்.

முதலில் நடந்த கதை. ஸோங் முதலில் ஒரு டச்சுக் கப்பல். அப்போது அதன் பெயர் ஸோர்க், டச்சு மொழியில் அக்கறை என்று பொருள். 1781 பிப்ரவரியில் ஆங்கிலேயர் அதை ஆப்பிரிக்கக் கரையோரம், உள்ளே அடைபட்டிருந்த மனிதர்களோடு சேர்த்தே பிடித்தார்கள். லிவர்பூல் நகரத்தின் முன்னாள் மேயர் வில்லியம் கிரெக்சனும் அவர் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். கேப்டனாகப் போட்டது லூக் காலிங்வுட் என்பவரை, அதுவரை இன்னொரு அடிமைக் கப்பலில் மருத்துவராக இருந்தவர், கப்பல் நடத்துவது இதுதான் முதல் தடவை. அடிமைக் கப்பலில் மருத்துவரின் வேலை என்ன தெரியுமா? கரையில் நிறுத்தி வைத்திருப்பவர்களின் பல், கண், தோல் எல்லாம் பார்த்து, இவர் விலை போவார், இவர் போகமாட்டார் என்று பிரிப்பது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

110 டன் கொள்ளளவு கொண்ட அந்தச் சின்னக் கப்பல் ஆகஸ்டில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள அக்ராவிலிருந்து கிளம்பியபோது அதில் 442 ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள், மாலுமிகள் 17 பேர். ஏழு வருடம் கழித்து பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைக் கப்பல்களுக்கு முதல்முறையாக ஒரு வரம்பு வைத்தது, மூன்று டன்னுக்கு ஐந்து பேர் என்று. அந்தக் கணக்குப்படி ஸோங்கில் 183 பேரைத்தான் ஏற்றியிருக்கலாம். அந்த வரம்பே மனிதத்தன்மை இல்லாதது, அதையும் போல இரண்டு மடங்குக்கு மேல் இதில் அடைத்திருந்தார்கள். நவம்பர் கடைசிக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் நோயில் செத்தார்கள், மாலுமிகளிலும் சிலர் செத்தார்கள். கேப்டனும் படுத்துவிட்டார். துணைத் தலைவர் ஜேம்ஸ் கெல்சாலுக்கும் அவருக்கும் தகராறு வந்து கெல்சாலைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நாள் கப்பலை நடத்தியது ராபர்ட் ஸ்டப்ஸ் என்ற பயணி, ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கோட்டைக்குத் தலைவராக இருந்து வேலை போனவர். இப்படிச் சரியான தலைமை இல்லாத கப்பலாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய தவறு நடந்தது. போய்ச் சேர வேண்டிய ஜமைக்கா கண்ணில் பட்டும், அது ஹிஸ்பானியோலா தீவு (இன்றைய ஹைட்டி இருக்கும் தீவு) என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். தெரியவந்தபோது ஏறத்தாழ 300 மைல் மேற்கே வந்தாயிற்று. அந்தக் கடலில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், பாய்மரக் கப்பல் மேற்கே போவது சறுக்குமரம், திரும்பி வருவது மலையேற்றம். பத்து முதல் பதின்மூன்று நாள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், தண்ணீர் நான்கு நாளுக்குத்தான் வரும் என்றார்கள்.

நவம்பர் 29 இரவு எட்டு மணி வாக்கில், பெண்களும் குழந்தைகளுமாக 54 பேரைக் கேப்டன் அறையின் ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தள்ளினார்கள். டிசம்பர் 1ஆம் தேதி 42 ஆண்களை. அடுத்த நாட்களில் இன்னும் 36 பேரை. அவர்களைத் தொட வந்தபோது பத்துப் பேர் தாங்களே குதித்துவிட்டார்கள். தள்ளப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் பக்கவாட்டில் தொங்கிய கயிறு ஒன்றைப் பிடித்து யார் கண்ணிலும் படாமல் மறுபடி ஏறிவிட்டார். டிசம்பர் 22 அன்று கப்பல் ஜமைக்காவின் பிளாக் ரிவர் துறைமுகத்தில் சேர்ந்தபோது 208 பேர் உயிரோடு இருந்தார்கள். தண்ணீர் 420 காலன் மிச்சம்.

இப்போது பாலிசிக்கு வருகிறேன். நம்ம ஊர் உதாரணம் சொன்னால் எளிது. தூத்துக்குடியிலிருந்து மாம்பழம் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். வழியில் தானாக அழுகினால் கிளெய்ம் கிடையாது, அது சரக்கின் சுபாவம், அழுகும் என்று தெரிந்தேதான் ஏற்றினீர்கள். புயலில் தண்ணீர் புகுந்து கெட்டால் பணம் உண்டு, அது கடலின் அபாயம். கப்பல் மூழ்கப் போகிற நேரத்தில் பாரம் குறைக்கப் பாதிச் சரக்கை மாலுமி கடலில் எறிந்தால் அதற்கும் உண்டு, மிச்சத்தைக் காப்பாற்ற அவசியத்தால் கொடுத்த பலி அது. கப்பல் முதலாளி, சரக்குக்காரர்கள் எல்லோரும் அந்த நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஜெனரல் ஆவரேஜ் என்று இதற்குப் பெயர், மிகப் பழைய வழக்கம், 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் மாட்டிக்கொண்டபோதுகூட இதைத்தான் அறிவித்தார்கள். இந்த மூன்று விதியும் இன்று இந்தியாவின் 1963 கடல்சார் இன்ஷூரன்ஸ் சட்டத்திலும் இருக்கிறது, தன்னளவில் எந்தக் குற்றமும் இல்லாத விதிகள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் செய்தது, மாம்பழம் இருந்த இடத்தில் மனிதரை வைத்தது மட்டும்தான்.

வைத்தவுடன் கணக்கு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நோயில் செத்தால் இயற்கைச் சாவு, பணம் கிடையாது. சரி, மனம் உடைந்து ஒருவர் கடலில் குதித்தால்? அதுவும் இயற்கைச் சாவுதான் என்று ஸோங் கிளம்பிய அதே ஆண்டில் லண்டனில் அச்சான ஓர் இன்ஷூரன்ஸ் கையேடு சொல்கிறது, பழம் அழுகுவது மாதிரி துக்கமும் சரக்கின் சுபாவம்! ஆனால் கலகத்தை அடக்கக் கொன்றால், கடலில் எறிந்தால், இன்ஷூரன்ஸ்காரர் பணம் கொடுக்க வேண்டும். என் மேசையில் இப்படி எத்தனையோ வகைப்பாட்டுப் பட்டியல்கள் வந்துபோயிருக்கின்றன. எழுதியவருக்கு அதில் எதுவும் உறுத்தியிருக்காது, பிரிவுகள் சரியாக விழுகின்றனவா என்றுதான் பார்த்திருப்பார், நானும் அப்படித்தான் பார்ப்பேன். அந்த நினைப்புதான் எனக்கு இந்த வழக்கில் மற்ற எதையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

ஸோங்கில் தலைக்கு 30 பவுன் போட்டிருந்தார்கள். ஜமைக்காவில் உயிரோடு சேர்ந்தவர்கள் சராசரியாக 36 பவுனுக்கு விற்றார்கள். கிரெக்சன் தரப்பு லிவர்பூலில் கிளெய்ம் கொடுத்தது: தண்ணீர் போதவில்லை, மற்றவர்களைக் காப்பாற்ற அவசியத்தால் எறிந்தோம், தலைக்கு 30 பவுன் கொடுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தார்கள். இன்றைய மாதிரி பெரிய கம்பெனி இல்லை அவர்கள், ஆளாளுக்கு ஒரு பங்கு கையெழுத்துப் போட்ட தனி வியாபாரிகள். 1783 மார்ச் 6 அன்று லண்டன் கில்ட்ஹாலில் வழக்கு விசாரணைக்கு வந்தது, ஜூரி கப்பல் முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. காணொளிகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன.

இன்ஷூரன்ஸ்காரர்கள் விடவில்லை. மறுவிசாரணை கேட்டு மேலே போனார்கள். மே 21, 22 தேதிகளில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டும் இரண்டு நீதிபதிகளும் கேட்டார்கள். 1772இல் ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையை இங்கிலாந்திலிருந்து வலுக்கட்டாயமாகக் கப்பலேற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னவர் இதே மான்ஸ்ஃபீல்ட். அதனால்தான் இரண்டு வழக்கையும் போட்டுக் குழப்பி, ஸோங் தீர்ப்பு அடிமை முறையை ஒழித்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். ஸோங் விசாரணையில் அவர் சொன்னதாகக் குறிப்பெடுத்து வைத்திருப்பது வேறு மாதிரி: ஜூரியைப் பொறுத்தவரை இது குதிரைகளைக் கடலில் எறிந்த மாதிரிதான் என்றார், கூடவே, இது அதிர்ச்சியான வழக்கு என்றும் சொன்னார். முதலாளிகளுக்காக வாதாடியவர் அரசாங்கத்தின் சொலிசிட்டர் ஜெனரல் ஜான் லீ. எறியப்பட்டவர்கள் வெறும் சொத்து, சொத்தை எறிந்ததற்குக் கொலைக் குற்றம் சாட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பது அவர் வாதம்.

இன்ஷூரன்ஸ்காரர் தரப்பு வாதத்தை ஒரு கிளெய்ம்காரனாகப் படித்தால், சொன்னால் தவறாக நினைக்காதீர்கள், கெட்டியான வாதம். முதல் ஆளை எறிந்தபோது மூன்று பீப்பாய் நல்ல தண்ணீரும் இரண்டரை பீப்பாய் புளித்த தண்ணீரும் இருந்தது, தாகத்தால் சாகிற நிலை அன்று இல்லை, வரக்கூடும் என்ற பயம்தான் இருந்தது. பிறகு மழை பெய்தது, பதினோரு நாளுக்குத் தண்ணீர் கிடைத்தது, அதற்கு அப்புறமும் எறிந்தார்கள். ஜமைக்காவைத் தவறவிட்டது கேப்டன் தவறு, அதைக் கடலின் அபாயம் என்று சொல்ல முடியாது. மழை விஷயம்தான் மான்ஸ்ஃபீல்டை அசைத்தது. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார்.

அந்த மறுவிசாரணை நடந்ததாக எந்தப் பதிவும் இல்லை. முதலாளிகள் கிளெய்மை விட்டுவிட்டார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. ஆக, தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில்: முதல் தீர்ப்பு கொடுக்கச் சொன்னது, ஆனால் பணம் கைமாறியதற்குச் சான்று இல்லை, மாறியிருக்காது என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

எத்தனை பேர் என்ற எண்ணிக்கையில் குழப்பம் வருவது நியாயம். கிளெய்முக்கு அடிப்படையான எண் 132. தாங்களே குதித்த பத்துப் பேரைச் சேர்த்தால் 142. முதலாளிகள் கோர்ட்டில் கொடுத்த மனுவிலோ 150 என்று இருக்கிறது, நஷ்டக் கணக்கு மனு எழுதும்போது கொஞ்சம் ஊதிப் பெரிதாவது அப்போதும் வழக்கம் போலிருக்கிறது. சரிபார்க்கக் கப்பலின் தினக்குறிப்பு வேண்டும், அது ஜமைக்காவில் சேர்ந்தபின் காணாமல் போய்விட்டது. கேப்டன் காலிங்வுட்டும் கரை சேர்ந்த சில நாளில் நோயில் செத்துப்போனார், தூக்கில் தொங்கவில்லை, யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. என் சர்வீஸில் தினக்குறிப்பு தொலைந்துபோன ஃபைல் வந்தால் அந்த ஃபைலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன், இது எந்தக் கிளெய்ம்காரனுக்கும் இருக்கிற புத்தி. ஆனாலும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. நோயாளிகளாகப் பார்த்துப் பணத்துக்காகவே எறிந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லுபவர்கள், காலிங்வுட்டின் பழைய தொழிலை வைத்துச் சொல்கிறார்கள், விலை போகாதவரைப் பிரித்தெடுத்துப் பழகிய கை என்று. எனக்கும் அது நம்பும்படியாக இருக்கிறது. தண்ணீர் பற்றிய பயமும் பொய் என்று முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை, இரண்டும் ஒரே மனதில் இருந்திருக்கலாம், பயந்தவனுக்குப் பாலிசி ஒரு வழி காட்டியிருக்கலாம்.

கொலை வழக்கு ஏன் வரவில்லை என்று பின்னூட்டத்தில் இன்னொருவர் கேட்டிருந்தார். முயற்சி நடந்தது. ஜூரி தீர்ப்புக்குப் பிறகு மார்ச் 18 அன்று லண்டன் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாத கடிதம் வந்தது. மறுநாளே ஒலௌடா எக்வியானோ, தானே அடிமையாக இருந்து விடுதலையை விலைக்கு வாங்கிய மனிதர், கிரான்வில் ஷார்ப் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். சோமர்செட் வழக்குக்குப் பின்னால் இருந்தவர் ஷார்ப். மே மாத விசாரணைக்குச் சுருக்கெழுத்தாளரைக் கூலிக்கு அமர்த்தி ஒவ்வொரு பேச்சையும் எழுதவைத்தார், குதிரை வாசகம் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். கடற்படை அமைச்சகத்துக்கு எல்லாக் காகிதத்தையும் அனுப்பி, மாலுமிகள் மேல் கொலைக் குற்றம் சாட்டுங்கள் என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் சட்டம் மாறியது, ஆனால் எப்படி மாறியது என்று பாருங்கள். 1788இல் வந்த சட்டம் டன் கணக்கோடு, எந்தெந்தச் சாவுக்கு இன்ஷூரன்ஸ் போடலாம் என்பதையும் சுருக்கியது. 1790களில், எந்தக் காரணத்துக்காகக் கடலில் எறிந்தாலும் பணம் கிடையாது என்று எழுதினார்கள். எறிவதைக் கொலை என்று எழுதவில்லை, கிளெய்ம் இல்லை என்றுதான் எழுதினார்கள். 1796இல் டாதம் எதிர் ஹாட்ஜ்சன் என்று ஒரு வழக்கு. பயணம் ஆறு மாதத்துக்கு மேல் இழுத்துவிட்டது, சாப்பாடு தீர்ந்து 128 பேர் பட்டினியில் செத்தார்கள். பட்டினிச் சாவு இயற்கைச் சாவுதான் என்று கோர்ட் சொல்லி கிளெய்மைத் தள்ளியது. நோக்கம் நல்லதுதான், பட்டினி போட்டால் முதலாளிக்கே நஷ்டம் என்று இருந்தால்தான் சாப்பாடு ஏற்றுவான். ஆனால் வார்த்தையைப் பாருங்கள், பட்டினி கிடந்து சாவது இயற்கை. பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807இல், அடிமைகளை விடுவிக்கச் சட்டம் போட்டது 1833இல். அப்போதும் இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு போனது முதலாளிகளுக்கு. விடுவிக்கப்பட்டவர்களுக்குக் காலணாக் கிடையாது.

இன்னொன்று, இந்த ஒரு கப்பலை வைத்து மொத்தத்தை அளக்கக் கூடாது, ஆனால் மொத்தத்தைத் தெரிந்துகொள்ளாமலும் இதைப் படிக்கக் கூடாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டி அட்லாண்டிக்கைக் கடக்க ஏற்றப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடியே 25 லட்சம் பேர், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் ஒரு கோடியே 7 லட்சம். துறைமுகப் பதிவு, சுங்கக் கணக்கு, கப்பல் காகிதங்களிலிருந்து 36,000 பயணங்களுக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரட்டிப் போட்ட மதிப்பீடு இது. வழியில் மட்டும் ஏறத்தாழ 18 லட்சம் பேர், பிடிபட்ட இடத்திலிருந்து கரைக்கு நடக்கும்போது செத்தவர்கள் இதில் சேரவில்லை. அந்த ஆட்களுக்கு விலையாகப் போன சரக்கில் நம்ம சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் மாலத்தீவுச் சோழியும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. இத்தனை ஆயிரம் பயணங்களில் ஸோங்கில் நடந்தது நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் முப்பது பவுன் கொடுக்க யாரோ மறுத்தார்கள். கேட்டவுடன் கொடுத்திருந்தால் இந்த ஃபைல் அன்றே மூடியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஜூரி முன்னால் வந்த ஒரே சாட்சி அந்தப் பயணி ஸ்டப்ஸ். துணைத் தலைவர் கெல்சாலின் வாக்குமூலம் பிறகு எக்ஸ்செக்கர் என்ற வேறொரு கோர்ட்டில், அதே பணத் தகராறின் தொடர்ச்சியாகத்தான் பதிவானது. அதில், அடைபட்டிருந்தவர்களில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மேல்தளத்தில் தன்னிடம் வந்து பேசியதாகச் சொல்கிறார். எறியப்பட்டவர்களுக்கு நேர்ந்தது கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள், எங்களை உயிரோடு விட்டால் போதும், சாப்பாடோ தண்ணீரோ கேட்கமாட்டோம், கரை சேரும்வரை இரண்டும் இல்லாமல் இருந்துகொள்கிறோம் என்றாராம். அந்த 442 பேர் சொன்னதாக நமக்கு வந்து சேர்ந்திருப்பது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சொன்னவர் பெயரை கெல்சால் குறிப்பிடவில்லை. தீர்ப்புச் சொன்ன ஜூரி இதைக் கேட்கவே இல்லை.